சிஓபிடி உள்ளவருக்குச் சளி பிடித்தால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி கேட்டவர், தம் தந்தைக்குச் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகவும், சாதாரணச் சளி பிடித்தாலே மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்துவிடுவதாகவும், இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதால் சளி காய்ச்சல் நாட்களில் அதை நிறுத்திவிடும்படி உறவினர் ஒருவர் கூறியதாகவும் எழுதியிருக்கிறார். நுரையீரல் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் என்ற முறையில் என் பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் உறவினரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோருக்குச் சளி மூக்கோடும் தொண்டையோடும் முடிந்துவிடுகிறது. சிஓபிடி நோயாளியின் மூச்சுக்குழாய்களோ ஏற்கெனவே சுவர் தடித்து, கோழை மிகுந்து, அந்தக் கோழையை மேலே தள்ளும் நுண்மயிர்கள் சிதைந்த நிலையில் இருப்பவை. அங்கே வைரஸால் சிறிதளவு வீக்கம் கூடினாலும், உள்ளே இழுத்த காற்று முழுதாக வெளியேற முடியாமல் நெஞ்சுக்குள் தேங்கி, அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இவ்வாறு நோய் திடீரெனத் தீவிரமடையும் தருணங்களில் ஏறத்தாழப் பாதியில் ஏதேனும் ஒரு வைரஸ் கண்டறியப்படுகிறது. அவற்றுள் முதலிடம் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரசுக்கு; அதில் 150க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் இன்றுவரை தடுப்பூசி இல்லை. இன்புளுவென்சா, ஆர்எஸ்வி, கொரோனா வைரஸ்கள் முதலியவை அதற்கு அடுத்த நிலையில் உள்ளன.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது கால இடைவெளியை. லண்டனில் சிஓபிடி உள்ள தன்னார்வலர்களுக்கு அவர்கள் ஒப்புதலோடு ரைனோவைரஸைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், மூக்கொழுகல் முதலில் வந்தது. மூச்சுத்திணறல் சில நாட்கள் தாமதித்தே உச்சத்தை எட்டியது. வைரஸ் தணிந்து வந்த நேரத்தில் பலரது கோழையில் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. ஆகவே மூக்கு சரியாகிவிட்டது என்பதைக் கொண்டு ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது; முதல் இரண்டு வாரங்களும் கண்காணிப்புக்குரியவை.

இனி ஸ்டீராய்டு பற்றி. மூன்று ஆண்டுகள் நீடித்து 2007இல் வெளியான டார்ச் என்னும் பெரிய ஆய்வில், புளூட்டிகசோன் என்னும் ஸ்டீராய்டை இழுத்தவர்களிடையே நிமோனியா கூடுதலாகக் காணப்பட்டது உண்மையே. அதே ஆய்வில், அந்த மருந்தை, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெட்டராலுடன் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கு நோய் தீவிரமடையும் நிகழ்வுகள் குறைந்தன என்பதும் உண்மை. யாருக்கு நன்மை மேலோங்கும் என்பதை இரத்தத்திலுள்ள இயோசினோபில் என்னும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஓரளவு காட்டுகிறது: மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டால் நல்ல பயன் கிடைக்கும், 100க்குக் கீழே இருந்தாலோ, நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ, அதை விலக்குவது பற்றி யோசிக்க வேண்டும். இது நோயாளி நலமாக இருக்கும்போது மருத்துவருடன் அமர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, காய்ச்சல் அடிக்கும் இரவில் வீட்டில் எடுப்பதற்குரியதன்று. மேலும், பெரும்பாலான இன்ஹேலர்களில் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றுக்குப் பயந்து நிறுத்துபவர் மிகவும் தேவையான நேரத்தில் மற்றதையும் இழந்துவிடுகிறார். மருத்துவமனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே, இன்ஹேலரைக் கடைசியாக எப்போது இழுத்தீர்கள் என்றுதான்.

மூச்சுத்திணறல் கூடினால், வழக்கமான இன்ஹேலரோடு, மூச்சுக்குழாயை விரைவாக விரிக்கும் சால்பியூட்டமாலை, சில வேளைகளில் இப்ராட்ரோபியத்தையும் சேர்த்து, ஸ்பேசர் எனப்படும் இன்ஹேலரில் பொருத்தும் குழாய் வழியாகக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அது போதாதபோது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் வீதம் 5 நாட்கள் தரப்படும். முன்பு இதையே இரண்டு வாரங்கள் கொடுத்துவந்தோம். 5 நாள் சிகிச்சை 14 நாள் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய பிறகு வழக்கம் மாறியது. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஒவ்வொரு சளிக்கும் இம்மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் உடனே தெரிவதில்லை என்பதால் அது பாதுகாப்பானது போலத் தோன்றுகிறது.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சுத்திணறல், கோழையின் அளவு, கோழை சீழ் போல் நிறம் மாறுதல் ஆகிய மூன்று அறிகுறிகளைக் கொண்டு 1987இல் கனடா ஆய்வாளர்கள் வகுத்த அளவுகோலையே இன்னும் பின்பற்றுகிறோம்: மூன்றும் கூடியிருந்தாலோ, நிற மாற்றத்தோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தாலோ ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். ஐயமான நிலையில், உடலில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி என்னும் இரத்தப் பரிசோதனை உதவும். பிரிட்டனில் பொதுமருத்துவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் 77 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் எடுத்தனர். சிஆர்பி பார்த்து முடிவு செய்த பிரிவில் அது 57 விழுக்காடாகக் குறைந்தது, அதனால் நோயாளிகளின் நலம் கெடவில்லை.

வைரஸுக்கு எதிரான மருந்துகள் சிலவற்றுக்கே உள்ளன. அவற்றிலும் எச்சரிக்கை தேவை. இன்புளுவென்சா என்றால் ஒசல்டாமிவிரை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. அதே நோய்க்கான ஜனாமிவிர் தூளாக உள்ளிழுக்கப்படுவது. அது மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யக்கூடும் என்பதால் சிஓபிடி உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிடில் உள்ள ரிட்டோனாவிர், கல்லீரலில் பல மருந்துகள் சிதைவதைத் தடுக்கும். ஆகையால் சால்மெட்டரால் கலந்த இன்ஹேலர் பயன்படுத்துபவருக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பில் கோளாறு உண்டாகலாம், புளூட்டிகசோன், பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டுகளின் அளவும் உயரலாம். இன்ஹேலரை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் அதை விட்டுவிட்டே பதில் சொல்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வைரஸ் காய்ச்சலே அம்மருந்து உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். அதன்மேல் சிப்ரோபிளாக்சசின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று சேர்ந்தால் அளவு மீறி, வாந்தியும் படபடப்பும், மோசமான நிலையில் வலிப்பும் வரலாம். தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும்.

ஆக்சிஜன் மிகுந்தால் நல்லது என்ற எண்ணம் இந்நோயில் தவறாகிவிடும். கரியமில வாயு தேங்கும் அபாயம் இருப்பதால் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 விழுக்காடு என்பதே நமது இலக்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த அளவுக்குக் கட்டுப்படுத்திக் கொடுத்தபோது இறப்பு கணிசமாகக் குறைந்தது. வீட்டில் ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் எண் 98 ஆகட்டும் என்று குமிழைத் திருப்ப வேண்டாம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமை, உதடு நீலமாதல், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் அல்லது குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; அங்கே முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் இயந்திரம் பலரை வென்டிலேட்டருக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. நெஞ்சுவலி இருந்தால் நுரையீரலை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது: இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காவதாகக் கனடாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

தடுப்பைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் இன்புளுவென்சா ஊசி, நிமோகாக்கஸ் ஊசி, கோவிட் ஊசி ஆகியவற்றோடு, 2023இல் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற ஆர்எஸ்வி ஊசியும் கிடைக்கும் இடங்களில் முதியவர்களுக்குப் பயன்தரும். 2020இல் முகக்கவசமும் ஊரடங்கும் நடைமுறையில் இருந்தபோது, சிஓபிடி தீவிரமடைந்து மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை பல நாடுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஊரடங்கைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்பப் போவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சளி இருக்கும்போது அவர் முகக்கவசம் அணிந்து, தனி அறையில் உறங்குவது செலவில்லாத சிகிச்சை. தந்தை இன்னும் புகைபிடிக்கிறார் என்றால் மற்ற எதற்கும் முன் அதை நிறுத்த உதவுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எல்லா இன்ஹேலர்களையும் எடுத்துச் சென்று, தந்தை இழுக்கும் முறையை அவர் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லுங்கள். சளி பிடித்த முதல் நாளில் எதைக் கூட்டுவது, எந்த அறிகுறிக்கு எந்த மாத்திரையைத் தொடங்குவது, எப்போது தொலைபேசியில் அழைப்பது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்கி, வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.