சீலா வாயும் சாமுராய் வாளும்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில், தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் வாள் ஒன்று சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. நுனி வளைந்து முடியாமல் நேராகச் சரிந்து, பார்க்க சீலா மீன் வாய் மாதிரி இருக்கிறது. அப்படி இருந்தால் ஆயிரம் வருடப் பழசு என்கிறான் மச்சான். உண்மையா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சீலா என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஜப்பான்காரர்களும் அந்த மீன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வாள் நுனிக்கு அங்கே கிஸ்ஸாகி என்று பெயர், சீலாவுக்கு கமாசு, இரண்டும் சேர்ந்து கமாசு கிஸ்ஸாகி. ஏலத்தில் கிடக்கிற சீலாவைப் பக்கவாட்டில் பாருங்கள், கீழ்த்தாடை புடைக்காமல் கம்பி மாதிரி நேராக ஓடும். பழைய வாள்களின் நுனியிலும் வெட்டுவாய் அப்படித்தான் வயிறு வைக்காமல் ஓடுகிறது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டின் நேர்வாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்து வடிவம் இது. ஆக, மச்சான் சொன்னதில் பாதி சரி.

அப்புறம் வாள் வளைந்தது. முதலில் வந்த வளைந்த வாள்களில் வளைவெல்லாம் கைப்பிடிப் பக்கமே இருக்கும், உடல் ஒல்லி, நுனி சின்னது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாள் அகலமாகி, நுனி கட்டையாகக் குறுகியது; அதற்குக் காட்டுப்பன்றிக் கழுத்து என்று பெயர் (பெயர் வைப்பதில் அவர்களுக்கும் நம்மூர்க் குசும்புதான்). குட்டை நுனி உடைந்தால் தீட்டிச் சரிசெய்ய இடமே இருக்காது. 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகளுக்குப் பிறகு நுனி நீள ஆரம்பித்து, 1336-க்கும் 1392-க்கும் இடைப்பட்ட காலத்தில் பெரிதாகவே நீண்டுவிட்டது.

சரி, உங்கள் வாளுக்கு வருவோம். மலேயா என்றதுமே எனக்குச் சந்தேகம், ஏனென்றால் 1942 முதல் 45 வரை அங்கே இருந்தது ஜப்பான் ராணுவம், அவர்கள் இடுப்பில் தொங்கியதில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் செய்தவை. கைப்பிடி முழுக்க வார்ப்பு உலோகமா, திருகாணி போட்டிருக்கிறதா, பிடிக்குப் பக்கத்தில் வாளில் எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 1935-ஆம் ஆண்டு மாடல் சார்ஜன்ட் வாள், தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் சில அதிகாரிகள் பரம்பரை வாளையே ராணுவ உறையில் போட்டு வைத்திருந்தார்கள், அதனால் எண் இல்லையென்றால் அவசரப்பட்டு ஒதுக்கவும் வேண்டாம்.

நுனியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. உடைந்த நுனியை யாராவது அரத்தால் ராவி நேராக்கினாலும் அது சீலா வாய் போலத்தான் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வெட்டுவாயை ஒட்டி ஓடுகிற வெள்ளைப் படலம் நுனிக்குள்ளும் தொடர வேண்டும்; பாதியில் விளிம்பில் மோதி அறுந்துபோனால் அது ராவிய நுனி.

கேள்வி: துரு ஏறியிருக்கிறது, கொல்லுப்பட்டறையில் தீட்டி வாங்கலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடவே கூடாது! நுனியில் அந்தப் படலம் போய்விட்டால் வாளின் மதிப்பே போயிற்று. கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியின் துருவைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், வயதைக் கண்டுபிடிக்க உதவுவதே அந்தத் துருவின் நிறம்தான். மண்டபத்து உப்புக்காற்றுக்கு, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, கைப்பிடிக்கு வெளியே இருக்கும் வாள் முழுக்க லேசாகத் தடவி, சாக்கை மாற்றி உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். சாக்கு ஈரம் பிடிக்கும். கைப்பிடியில் மூங்கில் ஆணி இருந்தால் மெதுவாகத் தட்டி எடுத்து உள்பகுதியைப் படம் பிடித்து அனுப்புங்கள், நுனிப் படம் மட்டும் போதாது.