மழை பெய்யும் மாதமும் குலை வெட்டும் மாதமும்: செம்பனை கேள்வி-பதில்

எண்ணெய்ப் பனையை மலேசியத் தமிழர் வழக்கப்படி செம்பனை என்றே இங்கும் எழுதுகிறேன்.

கேள்வி: பாமாயில் நம் பனை மரத்திலிருந்துதானே வருகிறது? (தண்டையார்பேட்டை)

இல்லை. நம் பனை வேறு, மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை வேறு.

கேள்வி: காசிமேட்டில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். மலேசியாவில் நல்ல மழை என்கிறார்கள். பிறகும் பாமாயில் விலை ஏன் இறங்கவில்லை? பதுக்கலா?

பதுக்கலைத் தேடுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். புழல் ஏரி நிறைந்தால் சில நாட்களில் குழாயில் தண்ணீர் வந்துவிடும். செம்பனையின் கணக்கு அப்படியல்ல, அது இரண்டு ஆண்டுக் கணக்கு. மட்டை இடுக்கில் உருவாகும் பாளை ஆணா பெண்ணா என்பது, குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த வேளையில் மரம் தண்ணீருக்குத் தவித்தால் ஆண் பாளைகள் மிகுந்துவிடும். ஆண் பாளையிலிருந்து குலை கிடைக்காது. தப்பிப் பிழைத்த பெண் பாளையும், அறுவடைக்குப் பத்து மாதம் முன்பு வறட்சி தாக்கினால் விரியாமலே கருகிவிடக்கூடும். மகரந்தம் சேர்ந்த பிறகு பழம் முற்ற இன்னும் ஐந்தாறு மாதம் வேண்டும். 2015இல் தொடங்கிய கடும் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) வறட்சிக்குப் பின், மலேசியாவின் உற்பத்தி சுமார் 2 கோடி டன்னிலிருந்து 2016இல் 1.73 கோடி டன்னாகச் சரிந்தது. எல் நினோ பழைய நிகழ்வுதான். ஆனால் காற்று முன்பைவிடச் சூடாகியிருப்பதால், அதே அளவு மழைக்குறைவு இப்போது மண்ணையும் மரத்தையும் கூடுதலாக உலர்த்துகிறது.

இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் நான் பணிசெய்த ஒரு தோட்டத்தில், வறட்சி நீங்கி மட்டைகளெல்லாம் பச்சையாகத் திரும்பியிருந்த நேரத்தில் குலைகள் பாதியாகக் குறைந்தன. நிர்வாகம் வெட்டுக்காரர்களைச் சோம்பேறிகள் என்றது. குலைக் கணக்கில் கூலி வாங்கிய அந்தத் தமிழ்க் குடும்பங்கள், முன்பே நடந்து முடிந்த வறட்சிக்கான தண்டனையை வருமானத்திலும் பழிச்சொல்லிலும் சேர்த்தே அனுபவித்தன. மரத்தின் கணக்கை அறியாதவர் மனிதர்மேல் குற்றம் சுமத்துவதை என்னால் இன்றும் பொறுக்க முடிவதில்லை.

வானிலை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, சுமார் நான்கு வாரத் தடைக்கே சந்தை ஆடிப்போனது.

கேள்வி: வெள்ளம் வந்தால் தண்ணீர் விரும்பும் மரத்துக்கு நல்லதுதானே? (வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி)

மரம் விரும்புவது சீரான மழையை, தேங்கும் நீரை அன்று. நம்மை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஆண்டு இறுதியில் மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும் மழையைக் கொட்டுகிறது. சாலை மூழ்கினால், வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையை அடைய முடியாமல் எண்ணெயில் அமிலம் ஏறிவிடுகிறது. விடாத மழையில், 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மகரந்த வண்டுகளின் நடமாட்டமும் குறைந்து, குலையில் பழம் சரியாகப் பிடிப்பதில்லை.

கேள்வி: செம்பனையும் மரம்தானே, நிறைய நட்டால் கரியமிலவாயு குறையாதா? (எண்ணூர்)

எந்த நிலத்தில் நடுகிறார்கள் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே பயிர் செய்த நிலமாக இருந்தால் ஓரளவு நன்மை உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலைதழைகள் மக்காமல் சேர்ந்த சதுப்புக்கரி நிலத்தின் நீரை வடித்து நட்டால், மண்ணே மட்கி, மரம் உறிஞ்சுவதைவிடப் பன்மடங்கு கரியமிலவாயுவை வெளியிடும். நிலமும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததில், இப்படி உலர்ந்த நிலங்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. அந்தப் புகைமூட்டம் வெயிலை மறைத்தால் செம்பனையின் விளைச்சலே குறையும்.

கேள்வி: பொன்னேரி அருகே 2 ஏக்கர் இருக்கிறது. செம்பனை போடலாமா?

மண் எப்படி, கிணற்று நீர் எப்படி என்று ஒரு வரிகூட எழுதாமல் ஆலோசனை கேட்காதீர்கள். சென்ற முறையும் இதையே சொன்னேன். பொதுவாக என் பதில், வேண்டாம். செம்பனைக்கு ஆண்டுக்கு 2,000 மி.மீ. மழை, அதுவும் மாதத்துக்கு 100 மி.மீ. குறையாமல் வேண்டும். நமக்குக் கிடைப்பது சுமார் 1,400 மி.மீ., அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்றால், ஏக்கருக்கு 57 மரத்துக்குக் கிட்டத்தட்ட 11,400 லிட்டர் இறைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்ததை நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. எந்தப் பயிரை நினைப்பதற்கு முன்பும் உங்கள் போர் தண்ணீரின் உப்பைச் சோதித்து, முடிவையும் சேர்த்து எழுதுங்கள்.