நல்ல நாளுக்காக நுரையீரல் டெஸ்டா?

களக்காட்டிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "மகளுக்கு 36 வாரம். முதல் பிரசவம் ஆபரேஷன், இதுவும் ஆபரேஷன்தான். அடுத்த வாரம் நல்ல நட்சத்திரம். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் கொடுத்தால், குழந்தையின் நுரையீரல் முற்றிவிட்டதா என்று சொல்லிவிடலாம் என்கிறார் லேப்காரர். செய்யலாமா?"

வேண்டாம் அம்மா.

நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்று வழவழப்பாக ஒன்று ஊற வேண்டும். ஊறாவிட்டால், நனைந்த பாலித்தீன் பை உள்ளே ஒட்டிக்கொள்வதுபோலக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும்; குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டும். நான் படித்த காலத்தில் அந்தப் பனிக்குட நீரில் ஆல்கஹால் கலந்து 15 விநாடி குலுக்குவோம். கால் மணி நேரம் கழித்தும் டியூபின் விளிம்பில் நுரை வளையம் அறாமல் நின்றால் முற்றிவிட்டது என்று கணக்கு. பெரிய லேப்பில் லெசித்தின், ஸ்பிங்கோமைலின் என்ற இரண்டு கொழுப்புகளின் விகிதம் பார்ப்பார்கள். 2-க்கு மேல் என்றால் சரி.

இப்போது இதையெல்லாம் ஏறக்குறைய கைவிட்டாயிற்று. நுரையீரல் தேறியிருந்தாலும், 37 வாரத்தில் எடுத்த குழந்தை பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடக்கலாம், மஞ்சள் காமாலை ஏறலாம். தாய்க்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் ரிசல்ட் எப்படி வந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். அப்புறம் டெஸ்டுக்கு என்ன வேலை? ஊசியால் பனிக்குடம் உடைந்தால் லேப்காரரா வந்து நிற்பார்? அவருக்குக் கமிஷன்.

மகளுக்குச் சர்க்கரை உண்டா? நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தாயின் பிள்ளை கொழுகொழுவென்று 4 கிலோகூட இருக்கும், நுரையீரல் மட்டும் பின்தங்கியிருக்கும். விகிதம் 2-ஐத் தாண்டியும் மூச்சுத் திணறும் பிள்ளைகள் உண்டு. எடையைப் பார்த்து "முற்றிட்டு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காக ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. அங்கே நாள் குறிப்பது சர்க்கரை அளவுதான்.

மற்றபடி, வேறு சிக்கல் இல்லாவிட்டால் 39 வாரம். அந்த வாரத்திலும் ஏழு நட்சத்திரம் வரும், ஜோசியரிடம் அதில் ஒன்றைக் கேளுங்கள். முதலில் வாரக் கணக்கு சரியா என்று பாருங்கள். கார்டில் மூன்று பேர் மூன்று தேதி எழுதி அடித்திருப்பார்கள், கேட்டால் ஒருவரும் பொறுப்பில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் கணக்கு. எட்டாம் மாத ஸ்கேன் சொல்லும் தேதியை வைத்து நாள் குறித்துவிடாதீர்கள்.

அதற்குள் வலி கண்டாலோ நீர் உடைந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம், பழைய தையல் இருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள். அந்த முதல் ஸ்கேன் தாள் கையில் இருக்கட்டும்.