தோல் வழியே எவ்வளவு ஏறும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூலக்கூறு எடையும் எண்ணெயில் கரையும் தன்மையும் தெரிந்தால், ஒரு பொருள் தோலைக் கடக்கும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் பருத்திக்கு மருந்தடிப்பவர். மூக்கில் துண்டு கட்டினால் போதும், தோல் வழியாக ஒன்றும் ஏறாது என்கிறார். உங்கள் கணக்கை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியுமா?

செல்வி, பெரம்பலூர்

அன்புள்ள செல்வி,

பாதி பதில் சொல்லலாம். அண்ணன் சொல்வது தவறு என்று காட்ட அந்தப் பாதியே போதும்.

நான் சொன்னது 1992-ல் ரஸல் பாட்ஸ், ரிச்சர்ட் கை என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சமன்பாடு. தோலின் காவல் எல்லாம் மேலே உள்ள இறந்த செல்களின் அடுக்கில்தான். பெரும்பாலான இடங்களில் அது 10 முதல் 20 மைக்ரான் தடிமன், செல்களுக்கு நடுவே கொழுப்பு. அதனால் எண்ணெய்ப் பற்று (நீரைவிட எண்ணெயில் எவ்வளவு அதிகம் கரைகிறது என்பது) பத்து மடங்கு கூடினால் கடக்கும் வேகம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். மூலக்கூறு எடை 100 டால்டன் (அந்த எடையின் அலகு) கூடினால் வேகம் கால் பங்காகக் குறையும். நிக்கோட்டின் 162 டால்டன், அதைப் பட்டையாக ஒட்டலாம். இன்சுலின் சுமார் 5,800, ஒட்டிப் பயனில்லை. கொலாஜனோ மூன்று லட்சம். கொலாஜன் கிரீம் விற்பவர்களிடம் இதை யாராவது கேட்டால் நல்லது.

பருத்திக்கு அடிக்கும் புரோபெனோபாஸ் 373 டால்டன், எண்ணெய்ப் பற்று மிக அதிகம். மேலடுக்குக்குள் சுலபமாக நுழைந்துவிடும். ஆனால் அதற்குக் கீழே இருப்பது நீர்ப்பாங்கான திசு. இத்தகைய பொருட்கள் அங்கே இறங்கத் தயங்கும் என்பதால் சமன்பாடு வேகத்தைக் கூட்டியே சொல்லும். இதைக் கேட்டு அண்ணன் சந்தோஷப்பட வேண்டாம். தயங்கும் மருந்து மேலடுக்கிலேயே தங்கி, கழுவிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்.

அப்புறம், சமன்பாடு தருவது வேகத்தை மட்டும்தான். எவ்வளவு ஏறும் என்பது மருந்தின் செறிவு, நனைந்த பரப்பு, நனைந்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தது. டேங்கில் கலந்த மருந்தைவிடப் பாட்டிலிலிருந்து ஊற்றும்போது கையில் வழியும் மருந்து பல மடங்கு செறிவானது.

எந்த இடத்துத் தோல் என்பதும் இருக்கிறது. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற தோல் மருந்தைப் பல இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையில் ஏறியதை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42. மருந்துக்கு மருந்து இது மாறும், ஆனாலும் தெளிப்பான் கசிந்தால் எங்கே வழியும்? முதுகில் இறங்கி அரைக்குத்தான். மேலே வேர்வையும் ஈரத் துணியும். கூச்சமாக இருந்தாலும் அந்த 42-ஐ அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் விஷம் ஏறும், துண்டு இரண்டாவதைத் தடுக்காது.

கலக்கும்போது ரப்பர் கையுறை போடட்டும். கசியும் தெளிப்பானை முதுகில் ஏற்றவே வேண்டாம். துணி நனைந்தால் வேலை முடியட்டும் என்று காத்திராமல் அங்கேயே கழற்றி, சோப்பு போட்டுக் கழுவட்டும். எச்சில் ஊறினாலோ, வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ வீட்டில் படுக்கவைக்காமல் மருந்து பாட்டிலின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.