பீரோ நிறையத் துணி, வெட்டத்தான் மனசில்லை: க்வில்ட் கேள்வி பதில்

க்வில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை, பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாக: எந்தத் துணி, எந்த டிசைன் என்று எப்படி முடிவு செய்வது?

அக்கா, ஆறு மாதமாகத் துணி சேர்க்கிறேன். போனில் இருநூறு டிசைன் படம் இருக்கிறது. இன்னும் ஒரு துண்டுகூட வெட்டவில்லை. எதிலிருந்து தொடங்க?

டிசைனிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். யாருக்கு, என்ன அளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குழந்தைக்கு என்றால் 36 இன்ச்சுக்கு 36 இன்ச் போதும். 5 இன்ச் சதுரமாக வெட்டினால் நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போய், தைத்த பிறகு நாலரை இன்ச் நிற்கும். வரிசைக்கு எட்டு, எட்டு வரிசை, மொத்தம் 64 சதுரம். பாருங்கள், முக்கோணமும் நட்சத்திரமும் இருக்கிற நூற்றைம்பது படம் இப்போதே கழன்றுகொண்டது.

அப்புறம் பீரோவைத் திறந்து, இது இல்லாமல் முடியவே முடியாது என்று தோன்றுகிற ஒரே ஒரு துணியை எடுங்கள். நாலைந்து நிறம் கலந்த பூப்போட்ட துணியாக இருந்தால் ரொம்ப நல்லது. மற்றதெல்லாம் அதிலிருக்கும் நிறங்களிலிருந்துதான் வர வேண்டும். சில அச்சுத் துணிகளின் கரையோரத்தில் வரிசையாக வண்ணப் புள்ளிகள் இருக்கும், அந்தத் துணிக்குப் பயன்படுத்திய நிறங்கள் அவை. அந்தப் புள்ளிகளை வைத்து ஜோடி தேடினால் பாதி வேலை முடிந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாத் துணியும் அழகு. சேர்த்து வைத்தால் கசகசவென்று இருக்கிறதே, ஏன்?

நிறத்தைப் பார்க்கிறீர்கள், வெளிர்-அடர்த்தியைப் பார்க்கவில்லை. துணிகளை வரிசையாக வைத்து போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கண்ணுக்கு ஏழாம் பொருத்தம், ஆனால் அந்தப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் டிசைன் கரைந்துபோகும். லாக் கேபின் என்றொரு பழைய டிசைன் இருக்கிறது, நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அதன் மொத்த அழகும் ஒரு பாதி வெளிர், மறுபாதி அடர்த்தி என்பதில்தான். இந்த ஒன்று சரியாக இருந்தால் எந்த நிறத்தோடு எது வந்தாலும் ஓடிவிடும்.

இன்னொன்று. எல்லாமே பெரிய பூ என்றால் கண் எங்கேதான் உட்காரும்? ஒரு பெரிய பூவுக்கு ஒரு பொடிப்புள்ளி, ஒரு கட்டம், இரண்டு பிளெயின் என்று வையுங்கள். பிளெயினுக்கு எங்கும் அலைய வேண்டாம், மேட்சிங் சென்டரில் பிளவுஸுக்குத் தரும் டூ பை டூ காட்டனில் கிடைக்காத நிறம் இல்லை.

தாம்பூலத்தில் வந்த பிளவுஸ் பிட் ஒரு மூட்டை இருக்கிறது. ஆகுமா?

காட்டன் என்றால் ஆகும். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் உதிர்கிற சாம்பலும் வந்தால் காட்டன், உருகி மணிபோல் கெட்டியானால் பாலியஸ்டர். இரண்டையும் கலக்காதீர்கள்.

அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவர் கட்டிய சுங்குடிச் சேலைகள் ஏழு இருக்கின்றன. க்வில்ட்டாக்க ஆசை. கத்தரியை எடுத்தால் கை நடுங்குகிறது.

நடுங்கத்தான் செய்யும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசௌரி பெட்வே என்ற பெண்மணி கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து 1942-இல் ஒரு க்வில்ட் தைத்தார். நினைவாகப் போர்த்திக்கொள்ள. முட்டியிலும் பையிலும் சாயம் வெளுத்த இடங்களை அவர் ஒதுக்கவில்லை, அதுதான் அதன் அழகே.

ஆனால் இது உங்கள் முதல் க்வில்ட்டாக வேண்டாம், சொல்லிவிட்டேன். முதலில் கண்ட துணியில் ஒரு சின்னதைத் தைத்துக் கை பழகுங்கள். அப்புறம் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழை நைந்த இடம் கண்ணாடிபோல் தெரியும். அதை விட்டு முந்தானைப் பக்கம் வெட்டுங்கள். சுங்குடி சாயம் விடலாம், ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், விட்டால் அது நிற்கும்வரை தனித்தனியாக அலசுங்கள். சதுரத்தை 8 இன்ச்சுக்குக் குறைக்காதீர்கள். பொடியாக நறுக்கினால் அம்மாவின் சேலை எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஏழையும் வெட்ட வேண்டுமா என்ன? ஒன்றை மடித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசைனே இல்லாமல் தைக்க முடியாதா?

ஏன் முடியாது? வட கர்நாடகக் காட்டோரம் இருக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவாந்தி என்றொரு க்வில்ட் தைக்கிறார்கள். வரைபடம் கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு துணியை மடித்து வைத்து நூலோட்டிக்கொண்டே சுற்றி உள்ளே வருவார்கள், நடுவில் முடியும். கைக்கு எது வந்ததோ அதுதான் அடுத்த துண்டு. இருநூறு படத்தைப் பார்த்துத் திணறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

வெட்டியே வருகிற ஜெல்லி ரோல் வாங்கிவிடலாமா?

வாங்கலாம், இரண்டரை இன்ச் பட்டைகளாக வரும், தேர்வு செய்கிற தலைவலி குறையும். அதையும் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள், வெளிர் துணி போதாமல் இருக்கலாம், நீங்கள் ஒரு வெள்ளை சேர்க்க வேண்டியிருக்கும்.

பாயில் சதுரங்களைப் பரப்பி நான்கு நாளாக மாற்றி மாற்றி வைக்கிறேன்...

மூன்று முறை மாற்றலாம். மூன்றையும் படம் எடுத்து, காலையில் எழுந்ததும் பார்த்து, ஒன்றைத் தையுங்கள். நான்காவது முறை மாற்றினால் பாயைச் சுருட்டிவிடச் சொல்லி வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

இத்தனை நிறத்துக்கும் எந்த நிற நூல்?

இளஞ்சாம்பல். இதற்கும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.