சாக்லேட் சுவைப் பட்டறை என்றால் என்ன? போகும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் டத்தோ பக்கமிருந்து குடும்பத்தோடு சாக்லேட் அருங்காட்சியகம் போகத் திட்டமிடுபவர்களுக்கு வரும் கேள்வி இது. அருங்காட்சியகம் சுற்றிப் பார்க்க. சுவைப் பட்டறை என்பது ஒருவர் வழிகாட்ட, வகைவகையான சிறு துண்டுகளை ருசித்து வித்தியாசம் கண்டுபிடிப்பது. முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

துண்டைக் கடிக்காமல் நாக்கில் கரையவிடச் சொல்வார்கள். கொக்கோ கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகும். வாய்ச் சூடு அதைவிடச் சற்றே அதிகம். உருகும்போது கிளம்பும் மணம் தொண்டை வழியாக மூக்குக்குப் போகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மணம்தான். சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருக்குமே, அதே காரணம். அதனால் காரச் சம்பலோடு நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) முடித்த கையோடு உள்ளே நுழையாதீர்கள்.

அப்புறம், நம் பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ போட்ட காலத்துத் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். காயை உடைத்து, கொட்டையைப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டவர்கள்; கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வழிகாட்டியைவிட நன்றாகவே விளக்குவார்கள்.

உறையில் 70% என்று இருந்தால் உயர்ந்த தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கொக்கோ எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது, தரத்தை அல்ல.