ஜீவனாம்சத்துக்கு ஒரு ஆல்பம்: வாசகர் கேள்விகள்

(சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மார்வின் கேயின் 'ஹியர், மை டியர்' ஆல்பம் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். விவாகரத்துப் பணம் கொடுப்பதற்காகவே போடப்பட்ட இசைத்தட்டு, 1978-ல் வந்தது, விற்கவில்லை என்று. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.)

கே.ஆர்., திருச்சி: விவாகரத்துப் பணத்துக்காக ஆல்பமா? நிஜமா, கதை விடுகிறீர்களா?

நிஜம்தான். மார்வின் கேயின் மனைவி அன்னா கோர்டி. அவரைவிடப் பதினேழு வயது மூத்தவர். அதைவிட முக்கியம், அவர் பெர்ரி கோர்டியின் அக்கா. பெர்ரி கோர்டி என்றால் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 'மோட்டவுன்' இசைத்தட்டு கம்பெனியை ஆரம்பித்தவர், மார்வினின் முதலாளி. ஆக முதலாளியே மச்சான். 1975 நவம்பரில் அன்னா விவாகரத்து கேட்டு மனு போட்டார். வழக்கு 1977 வரை இழுத்தது.

அதற்குள் மார்வின் கையில் காசில்லை. சம்பாதித்தது எல்லாம் எப்படிப் போனது என்பது தனிக் கதை. அவருடைய வக்கீல் கர்ட்டிஸ் ஷா ஒரு வழி சொன்னார்: அடுத்த ஆல்பத்தின் வருமானத்தைக் கொடுத்துவிடுவோம். மொத்தம் 6 லட்சம் டாலர். அதில் 3,05,000 அந்த ஆல்பத்துக்குக் கம்பெனி தரும் முன்பணம். பாக்கி 2,95,000 அது விற்று வரும் பணத்திலிருந்து.

நான் குடும்ப நீதிமன்றத்தில் கறுப்பு கோட்டு போட்டுக் காலம் தள்ளியவன். வீடு, நகை, பி.எஃப். என்று பங்கு பிரித்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் பாடாத பாட்டைப் பங்கு பிரித்து இந்த ஒரு வழக்கில்தான் படித்திருக்கிறேன். கர்ட்டிஸ் ஷாவுக்குத் தொழில் முறையில் ஒரு சலாம்.

எஸ். எம்., பாளையங்கோட்டை: பணம் முழுக்க மனைவிக்குத்தான் என்றால் ஏனோதானோ என்று பாடி முடித்திருக்கலாமே?

முதலில் அப்படித்தான் நினைத்தாராம். பிறகு தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேவிட் ரிட்ஸிடம் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஹாலிவுட்டில் தன்னுடைய சொந்த ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்ததும் ஆளுக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு தட்டில் அடங்காமல் இரட்டைத் தட்டு, பதினான்கு பாட்டு. பின்னணியில் கேட்கும் குரல்களும் பெரும்பாலும் அவருடையவைதான், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கிப் பதிவு செய்தவை. மனைவி தரப்பு வக்கீல் ஃபீஸை நான் ஏன் கட்ட வேண்டும் என்று ஒரு பாட்டில் புலம்புகிறார். அதைக் கேட்டபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத கட்சிக்காரர் கிடையாது. ராகம் போட்டுக் கேட்டவர்தான் யாரும் இல்லை.

பி.வி., மதுரை: அவ்வளவு நல்ல ஆல்பம் என்றால் ஏன் ஓடவில்லை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் 'பில்போர்டு' இசைப் பத்திரிகையின் பொது ஆல்பம் பட்டியலில் இது தொட்ட உச்சம் 26-ஆம் இடம். சோல், அதாவது கறுப்பினத்தவர் இசை ஆல்பங்களின் பட்டியலில் 4. ஒரு புதுப் பாடகருக்கு இது கொண்டாட்டம். மார்வினுக்கு இது சறுக்கல். 1977-ல் வந்த அவருடைய லண்டன் பலேடியம் கச்சேரித் தட்டு பொதுப் பட்டியலில் 3 வரை போனது. அதிலிருந்த 'காட் டு கிவ் இட் அப்' சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டுகளின் பட்டியலில் முதலிடம். அது இடுப்பை ஆட்ட வைக்கிற பாட்டு. கடைக்கு வந்தவர்கள் அதே மாதிரி இன்னொன்று இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

கிடைத்தது என்ன? 'நீ எப்போது என்னை நேசிப்பதை நிறுத்தினாய், நான் எப்போது நிறுத்தினேன்' என்று ஆறு நிமிடத்துக்கும் மேல் ஒரு பாட்டு. அதில் பல்லவி என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு மனுஷன் தனக்குத்தானே பேசிக்கொண்டே போகிறான். அதே பாட்டு வெறும் வாத்தியமாக மறுபடி ஒரு முறை, கடைசியில் துண்டாக இன்னொரு முறை. ரேடியோக்காரர் இதை எங்கே போடுவார்? மோட்டவுன் தேடிப் பிடித்து 'எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்' என்ற விண்வெளிப் பாட்டை வெட்டிச் சுருக்கி சிங்கிளாக விட்டது. சோல் பட்டியலில் 23-ஆம் இடம். பொதுவான 'ஹாட் 100' பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் சிங்கிள்தான் ஆல்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கடையாகப் போகும். தூக்க ஆள் இல்லாத ஆல்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

காலமும் சரியில்லை. 1978 டிஸ்கோ வருஷம். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் தட்டு 24 வாரம் முதலிடத்தில் இருந்த வருஷம். மார்வின் தன் ஆல்பத்தை 1977-லேயே பதிவு செய்துவிட்டார். அது ஒரு வருஷத்துக்கும் மேல் கிடப்பில் கிடந்து, 1978 டிசம்பர் நடுவில் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் பரிசாக யார் யாருக்கு விவாகரத்துத் தட்டு வாங்கிக் கொடுப்பார்கள், சொல்லுங்கள்? அதிலும் இரட்டைத் தட்டு, விலை கூட.

கம்பெனியும் சில வாரங்களில் கையைக் கழுவிவிட்டது என்பார்கள். முதலாளியின் அக்காவைத் திட்டுகிற தட்டுக்கு எந்த விற்பனை மேலாளர் ஓடி ஓடி வேலை செய்வார்? ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விளம்பரம் எவ்வளவு செய்திருந்தாலும் இது 3-ஆம் இடத்துக்குப் போயிருக்காது. ஒரே ஒரு பெண்ணை நிற்க வைத்துப் பேசுகிற ஆல்பம் இது. கேட்பவருக்கு அடுத்த வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியே கேட்கிற கூச்சம் வந்துவிடுகிறது. எனக்கு அது தொழில், பழகிவிட்டது.

ஜே. டி., நாகர்கோவில்: சோல் பட்டியல், பொதுப் பட்டியல் என்று எதற்கு இரண்டு?

கறுப்பினத்தவர் கடைகளில் என்ன விற்கிறது என்று தனியாகக் கணக்கெடுத்தார்கள். 1949 வரை அதற்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே பெயர், கூச்சமே இல்லாமல். அப்புறம் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்', 1969-ல் 'சோல்', 1982-ல் 'பிளாக்'. ஆகவே 4-க்கும் 26-க்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. மார்வினின் பழைய ரசிகர்கள் என்ன ஆனாலும் வாங்கினார்கள். 'காட் டு கிவ் இட் அப்' பாட்டுக்கு ஆடிவிட்டுப் போன புதுக் கூட்டம் வாங்கவில்லை.

ஏ.என்., ஈரோடு: எத்தனை லட்சம் பிரதி விற்றது என்று சரியான எண்ணிக்கை தர முடியுமா?

முடியாது. மோட்டவுன் விஷயத்தில் எண்ணிக்கை என்றாலே ஜாக்கிரதை. தங்கத் தட்டு விருது தருகிற அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்துக்குப் பெர்ரி கோர்டி வெகுகாலம் தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டவே இல்லை. அதனால்தான் 1968-ன் முடிவில் தொடங்கி ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த மார்வினின் 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த க்ரேப்வைன்' பாட்டுக்கே அப்போது தங்கத் தட்டு கிடையாது. பட்டியலை மட்டும் முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். கடைக்குப் போன் போட்டு "எது நன்றாகப் போகிறது?" என்று கேட்டுத்தான் அதையும் தயாரித்தார்கள். கல்லாவில் ஸ்கேன் செய்து எண்ணுகிற முறை 1991-ல்தான் வந்தது.

ஆர். எல்., புதுச்சேரி: அந்த அம்மாள் பக்கம் யாருமே பேசுவதில்லையே?

நல்ல கேள்வி. கடிதங்களில் இது ஒன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மனு போட்டது அன்னா. ஆக இந்த ஆல்பம் பிரதிவாதியின் எதிருரை மட்டும்தான். அதுவும் நல்ல குரலில் பாடப்பட்ட எதிருரை. நீதிபதி மயங்கலாம், வக்கீல் மயங்கக் கூடாது. அன்னா மனு போடுவதற்கு முன்பே மார்வினுக்கும் அவருடைய காதலி ஜேனிஸ் ஹன்டருக்கும் குழந்தை பிறந்திருந்தது. ஆல்பத்தில் ஜேனிஸுக்காக 'ஃபாலிங் இன் லவ் அகெய்ன்' என்ற காதல் பாட்டு உண்டு. தேதிகளைத்தான் காணோம்.

அன்னா சும்மா பாடகரின் மனைவி மட்டும் இல்லை. மார்வினின் புகழ்பெற்ற 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'காட் இஸ் லவ்' பாட்டை எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. 'ஹியர், மை டியர்' வந்ததும் அந்தரங்கத்தில் தலையிட்டதாக வழக்குப் போடலாமா என்று யோசிப்பதாக 'பீப்பிள்' பத்திரிகையிடம் சொன்னார். போடவில்லை. என்னிடம் வந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வழக்கு நடந்தால் தட்டு இன்னும் நாலு பேர் கைக்குப் போகும். அதுசரி, அப்படிப் போனால் பாக்கிப் பணம் அவருக்குத்தானே வரும்! சுவாரசியமான சிக்கல்.

டி.கே., சேலம்: அதற்குப் பிறகு மார்வின் என்ன ஆனார்?

வரிப் பாக்கி, கடன், ஹவாய், லண்டன், கடைசியில் பெல்ஜியத்தில் ஓஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊர். 1981-ல் மோட்டவுன் அவர் ஒப்புதல் இல்லாமல் இன்னொரு ஆல்பத்தை வெளியிட்டது. கோபித்துக்கொண்டு கொலம்பியா கம்பெனிக்குப் போனார். 1982-ல் 'செக்ஷுவல் ஹீலிங்' ஓஹோ என்று ஓடியது. 1984 ஏப்ரல் 1 அன்று தந்தை துப்பாக்கியால் சுட்டதில் இறந்தார். மறுநாள் அவருக்கு 45 வயது நிறைந்திருக்கும்.

எம். எஃப்., காரைக்கால்: இப்போது கிடைக்குமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

போனிலேயே கிடைக்கிறது. பல வருஷம் கழித்து மறுபதிப்புகளும் வந்தன. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் கடைசிக் கோடியில் இதற்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மார்வினையே கேட்டதில்லை என்றால் இதில் ஆரம்பிக்காதீர்கள், 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலில். அதற்கப்புறம் இதில் 'அன்னாஸ் சாங்' கேளுங்கள். அவள் பெயரை அவர் நீட்டிக் கூப்பிடுகிற இடம் ஒன்று வரும். அது பிடித்துப்போனால் முதல் பாட்டுக்குத் திரும்பி வரிசையாகக் கேளுங்கள். விண்வெளிப் பாட்டை வேண்டுமானால் தாண்டிவிடலாம்.